கண்ணீர் வற்றிய கண்கள்: நாட்பட்ட கண் வறட்சிக்கு வீட்டில் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

"அழுதழுது கண்ணில தண்ணியே வத்திப்போச்சு." எங்கள் அம்மாக்களின் வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்காத ஊர் வன்னியில் இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய வீதியோரப் போராட்டக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தவர்கள் இதைச் சொல்லும்போது, அது துயரத்தின் மொழி என்றே கேட்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பல வேளைகளில் அது ஒரு நோயின் அறிகுறியும்கூட. கண் எரிகிறது, மண் விழுந்ததுபோல் அறுக்கிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, பின்னேரமானால் எழுத்து மங்குகிறது என்று அவர்கள் தொடர்ந்து சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை. வயசு போனால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அழுவதால் கண்ணீர் தீர்ந்துபோவதில்லை. துக்கத்தில் வரும் கண்ணீர் வேறு, வெங்காயம் உரிக்கும்போதும் தூசி விழும்போதும் வரும் கண்ணீர் வேறு, நாள் முழுவதும் நமக்குத் தெரியாமலே கண்ணை ஈரமாக வைத்திருக்கும் கண்ணீர் வேறு. வறட்சி நோயில் கெட்டுப்போவது இந்த மூன்றாவது வகை. ஆகவே அழுத தாயின் கண்ணைக் கெடுத்தது அவரது அழுகை அல்ல. வீதித் தூசி, வெயில், தூக்கமின்மை, வயது, குடிக்கும் குளிசைகள் ஆகியவற்றில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல

கண்ணின் மேற்பரப்பை மூடியிருக்கும் கண்ணீர்ப் படலத்தில் மூன்று சேர்மானங்கள் உண்டு. கண்ணோடு ஒட்டிப் பிடிக்க ஒரு வழுவழுப்பான சளிப்பொருள், அதன்மேல் உப்புத் தன்மையான நீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய். இந்த எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் நுண்ணிய சுரப்பிகள். மேல் இமையில் 25 முதல் 40 வரையிலும் கீழ் இமையில் 20 முதல் 30 வரையிலும் இருக்கும். நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அவை சிறிது எண்ணெயைப் பிதுக்கி நீரின் மேல் பூசிவிடுகின்றன. கறிச்சட்டியின் மேலே எண்ணெய் படர்ந்து நிற்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் கீழே இருக்கும் நீர் காற்றில் ஆவியாகிவிடும்.

கண் வறட்சி உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் குறைவது நீர் அல்ல, இந்த எண்ணெய்தான். சுரப்பியின் வாய் அடைத்து, உள்ளே எண்ணெய் நெய் உறைவதுபோல் கட்டியாகிவிடுகிறது. கண் காய்ந்து அறுக்கத் தொடங்கியதும் நரம்பு பதறிப்போய்க் கண்ணீர்ச் சுரப்பியைத் திறந்துவிடுகிறது. அப்படிக் கொட்டும் நீரில் போதிய எண்ணெய் இல்லாததால் அது நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். "எனக்குக் கண்ணால தண்ணி ஓடுது, அது எப்படி வறட்சி?" என்று பலர் கேட்பதற்கான விடை இதுதான்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு தடவை இமைத்துவிட்டு, காற்று இல்லாத இடத்தில் கண்ணைத் திறந்தபடி வைத்திருங்கள். 10 விநாடி ஆகுமுன் எரிவு வந்து இமைக்காமல் இருக்க முடியவில்லையென்றால் படலம் விரைவாக உடைகிறது என்று சந்தேகிக்கலாம். வைத்தியசாலையில் இதையே சாயம் இட்டுப் பார்ப்பார்கள். அல்லது கீழ் இமைக்குள் ஒரு சிறு காகிதத் துண்டைச் சொருகி 5 நிமிடம் வைத்து, எத்தனை மில்லிமீற்றர் நனைகிறது என்று அளப்பார்கள். 5 மில்லிமீற்றருக்கும் குறைவென்றால் வறட்சி கடுமையானது.

எங்களுக்கு ஏன் இது அதிகம் வாட்டுகிறது

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்றைப் பற்றி வடக்கில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. மழையில்லாத அந்த மாதங்களில் மண்ணும் காற்றும் சேர்ந்து கண்ணைக் காயவைக்கும். முகமூடிக் கண்ணாடியைத் தூக்கி விட்டபடி ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும் ஒருவரின் கண்ணில் அரை மணித்தியாலத்தில் எத்தனை தூசி படியும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் வந்தால் விறகடுப்புப் புகை. தற்காலிகக் கொட்டிலில் தொடங்கி, கல்வீடு கட்டிய பிறகும் புகைபோக்கி வைக்காமலே விட்ட குசினிகள் இன்னும் நிறைய. இரவில் நுளம்புத்திரி. ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும், கடன் கட்ட வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்களும் இமைப்பதையே மறந்துவிடுகிறார்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கும் கண், ஊன்றிப் பார்க்கும் வேலையிலும் கைத்தொலைபேசியிலும் அதில் பாதிகூட இமைக்காது.

அடுத்தது, யாரும் அதிகம் பேசாத காரணம்: குளிசைகள். யுத்தத்தில் காயப்பட்ட நரம்பு வலிக்கும், தூக்கமின்மைக்கும், மனத்தாக்கத்துக்கும் எங்கள் மக்களில் கணிசமானோர் நெடுங்காலமாக மருந்து எடுக்கிறார்கள். அமிற்றிப்டிலின் போன்றவை வாயைக் காயவைப்பதுபோலவே கண்ணையும் காயவைக்கும். தடிமனுக்கும் கடிக்கும் குடிக்கும் குளோபெனிரமின் குளிசையும் அப்படியே. இதைப் படித்துவிட்டு யாரும் மனநல மருந்தையோ நரம்பு மருந்தையோ தாமாக நிறுத்திவிட வேண்டாம். அது கண் எரிவைவிடப் பெரிய ஆபத்து. கிளினிக்குக்குப் போகும்போது "இந்தக் குளிசை தொடங்கிய பிறகு கண்ணும் வாயும் காயுது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அளவை மாற்றவோ வேறு மருந்து தரவோ வைத்தியருக்கு வழி உண்டு.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், நீரிழிவு, தைரொயிட், மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் வறட்சி கூடுதலாக வரும். கண்ணோடு வாயும் வறண்டு, சோறு விழுங்கத் தண்ணீர் தேவைப்படுகிறது, காலையில் விரல் மூட்டுகள் விறைக்கின்றன என்றால் அது ஷோகிரன் நோயாக இருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் போதாது, இரத்தப் பரிசோதனை வேண்டும்.

முதல் மருந்து சுடுதண்ணீர்த் துணி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க நினைப்பவர்கள் இதைச் செய்யுங்கள். காசு செலவில்லை. கண் வைத்தியர்களும் முதலில் சொல்வது இதைத்தான்.

அடைபட்ட எண்ணெயை இளக்க 40 பாகை செல்சியஸ் அளவில் சூடு தேவை. காய்ச்சல்காரரின் உடம்புச் சூட்டைவிடச் சற்றுக் கூட என்று சொல்லலாம். சுத்தமான சிறு துவாயை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுகமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. பிறகு மூடிய இரு கண்களின் மேலும் வையுங்கள். எல்லோரும் விடும் பிழை இங்கேதான். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஆறிய துணியை வைத்துக்கொண்டு படுத்திருப்பதால் பயன் இல்லை. தேத்தண்ணிக்கு வைத்திருக்கும் சுடுதண்ணிப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு துணிகளை மாறி மாறி நனைத்து 5 முதல் 10 நிமிடம் வரை சூட்டை நிற்கச் செய்யுங்கள். முகத்தில் காயத் தழும்போ நரம்புப் பாதிப்போ உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காது. அவர்களுக்கு வேறொருவர் கையில் தொட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் அவிந்துவிடும்.

சூடு கொடுத்த உடனேயே, கழுவிய விரலால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், மயிர் முளைக்கும் விளிம்பை நோக்கி மெதுவாக நீவுங்கள். விழியை அழுத்தக் கூடாது. கண்ணில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் குளுக்கோமா உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் நீவ வேண்டாம். கொதித்தாறிய நீரில் குழந்தைகளின் ஷாம்பூ ஒரு துளி கலந்து, சுத்தமான துணியின் நுனியால் இமை விளிம்பில் படிந்திருக்கும் பொருக்கைத் துடைத்துக் கழுவிவிடுங்கள். காலையும் இரவும் இப்படி நான்கு கிழமை செய்தால்தான் வித்தியாசம் தெரியும். மூன்றாம் நாள் "ஒண்டும் நடக்கேல்ல" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். குணம் கண்ட பிறகும் நாளுக்கு ஒரு தடவையாவது தொடர வேண்டும், ஏனென்றால் சுரப்பி திரும்ப அடைக்கும்.

நந்தியாவட்டைப் பூவையோ, ஆறிய தேயிலைப் பையையோ மூடிய இமையின் மேல் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நன்கு கழுவிய பின் வெளியே வைப்பதால் பெரிய கெடுதி இல்லை, குளிர்ச்சி சுகம் தரும். அதற்குமேல் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

இமை, காற்று, புகை

தையலோ தொலைபேசியோ, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை தலையை நிமிர்த்தி 20 அடி தள்ளி உள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள். அந்த நேரத்தில் கண்ணை முழுதாக மூடி, இரண்டு விநாடி வைத்துத் திறந்து, ஐந்தாறு தடவை இமையுங்கள். அரை இமைப்பு போதாது, மேல் இமை கீழ் இமையைத் தொட்டால்தான் எண்ணெய் வெளியே வரும். மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்துப் படுக்காதீர்கள், காலடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். வெளியே போனால் பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி, மோட்டார் சைக்கிளில் முகமூடிக் கண்ணாடி இறக்கிய தலைக்கவசம். குசினியில் அடுப்பைச் சுவரோரம், கதவுக்கோ யன்னலுக்கோ அருகில் மாற்றினாலே புகை பாதி குறையும். ஈர விறகு எரிக்காதீர்கள். நுளம்புத்திரிக்குப் பதில் வலை. வீட்டுக்குள் சிகரெட்டோ சுருட்டோ வேண்டாம், அது பிடிப்பவரின் கண்ணையும் பக்கத்தில் இருப்பவரின் கண்ணையும் சேர்த்தே காயவைக்கும்.

கண் எரியும்போதெல்லாம் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி, கண்ணைத் திறந்து திறந்து அடித்துக் கழுவுவது எங்களுக்குப் பழக்கம். தூசி விழுந்தால் ஒரு தடவை சரி. நாளெல்லாம் செய்தால் மிஞ்சியிருக்கும் எண்ணெயையும் சேர்த்துக் கழுவிவிடுகிறோம்.

சாப்பாட்டில் எவ்வளவு நம்பலாம்

மீன் எண்ணெய் வில்லைகள் கண் வறட்சிக்குக் கைகண்ட மருந்து என்று விளம்பரங்கள் சொல்கின்றன. 2018இல் அமெரிக்காவில் வெளியான ட்ரீம் என்ற ஆய்வில் 500க்கு மேற்பட்ட நோயாளிகள் ஒரு வருடம் பங்குபற்றினார்கள். நாளுக்கு 3,000 மில்லிகிராம் மீன் எண்ணெய்க் கொழுப்பு எடுத்தவர்களுக்கும், ஒலிவ் எண்ணெய் மட்டும் எடுத்தவர்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே கடன்பட்டு அந்தப் போத்தலை வாங்கத் தேவையில்லை. சூடை, கீரி, நெத்தலி போன்ற மலிவான மீன்களில் அதே கொழுப்பு இருக்கிறது. இதயத்துக்கு நல்லது, கண்ணுக்கும் கெடுதி இல்லை, சாப்பிடுங்கள்.

முருங்கையிலையும் பொன்னாங்காணியும் கண்ணுக்கு நல்லது என்ற பாட்டிமார் சொல் பாதி உண்மை. விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண்ணும் கடும் கண் வறட்சியும் வரும், குழந்தைகளில் விழிவெண்படலம் உருகிப் பார்வையே போகும். கீரை, பப்பாசி, மாம்பழம், பூசணி, கரட், முட்டை மஞ்சட்கரு எல்லாவற்றிலும் இது கிடைக்கிறது. எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்துச் சமைத்தால்தான் உடம்பு நன்றாக உறிஞ்சும், அந்த வகையில் எங்கள் முருங்கையிலை வறை சரியான சமையல்தான். கிளினிக்கில் பிள்ளைகளுக்குத் தரும் விற்றமின் ஏயைத் தவறவிடாதீர்கள். ஆனால் ஓரளவு சாப்பிடக்கூடிய வளர்ந்தவர் ஒருவருக்கு இமைச் சுரப்பி அடைத்து வந்த வறட்சியை, நாளுக்கு ஒரு கட்டு கீரை தின்றாலும் அது மாற்றாது. வெயிலில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் தேத்தண்ணியிலேயே நாளை ஓட்டுவதை மாற்றினால் ஓரளவு சுகம் காணலாம்.

கண்ணுக்குள் விடக்கூடாதவை

தாய்ப்பால், தேன், எலுமிச்சைச் சாறு, வெங்காயச் சாறு, நந்தியாவட்டைச் சாறு, பன்னீர், வீட்டில் ஆட்டிய ஆமணக்கெண்ணெய், நல்லெண்ணெய், உப்புக் கரைத்த நீர். இவற்றில் எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். இதை எழுதும்போது, யுத்த காலத்தில் மருந்துத் தடை இருந்த நாட்களில் இவற்றைத் தவிர வேறெதுவும் எங்களிடம் இருக்கவில்லை என்பதை மறக்கவில்லை. அன்று கையில் இருந்ததைப் பாவித்தோம். இன்று தேவையில்லை.

வறண்ட கண்ணின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். பச்சிலைச் சாற்றோடு வரும் பூஞ்சணக் கிருமி அதற்குள் இறங்கினால் விழியின் கரும்பகுதியில் புண் வரும். நெல் உமியும் இலையும் கீறிய கண்ணில் பூஞ்சணப் புண் வருவதை வயல் வேலை செய்யும் ஊர்களில் காண்கிறோம். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும், பார்வை திரும்பாது. தொழிற்சாலையில் செய்த சொட்டில்கூடக் கிருமி புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 சாட்சி. இந்தியாவில் தயாரித்து அமெரிக்காவில் விற்ற ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புபட்ட கிருமித்தொற்றில் 4 பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். அப்படியிருக்க அம்மியில் அரைத்துப் பிழிந்த சாறு எம்மாத்திரம்? சித்த வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் கைதடி சித்த போதனா வைத்தியசாலை போன்ற, படித்த வைத்தியர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்க் கேளுங்கள். கேள்விப்பட்டதை வீட்டில் பிழிந்து விடுவது சித்த வைத்தியம் ஆகாது.

பாமசியில் வாங்கும் சொட்டு

செயற்கைக் கண்ணீர் என்பது சிகிச்சையின் முக்கிய பகுதி. கார்பொக்சிமெதைல்செலுலோஸ், ஹைப்ரோமெலோஸ் என்று லேபிளில் இருக்கும். அரச வைத்தியசாலைக் கண் பிரிவில் கையிருப்பு இருந்தால் இலவசமாகக் கிடைக்கும். வெளியே வாங்கும்போது பார்க்க வேண்டியது, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைட் உள்ளதா என்பது. நாளுக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியவர்களுக்கு அந்தப் பதார்த்தமே கண்ணைப் புண்ணாக்கும், அது சேராத வகையைக் கேளுங்கள். திறந்த போத்தலில் திகதியை எழுதி வைத்து, 28 நாளில் எறிந்துவிடுங்கள், மிச்சம் இருந்தாலும். நுனி இமையில் முட்டக் கூடாது, ஒரு போத்தலை வீட்டில் இரண்டு பேர் பாவிக்கக் கூடாது. ஒரு துளி போதும். விட்டபின் ஒரு நிமிடம் கண்ணை மூடி இருங்கள்.

பாமசியில் "கண் சிவப்பு" என்று கேட்டால் சில இடங்களில் பீற்றாமெதசோன், டெக்சாமெதசோன் கலந்த சொட்டைத் தூக்கித் தருகிறார்கள். ஒரு நாளில் சிவப்பு மறையும், மனம் குளிரும். இவை ஸ்ரீரொயிட் மருந்துகள். வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு சாகும், புரையும் வளரும். வலி எதுவும் இருக்காது, அதனால் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

காயப்பட்ட கண் உள்ளவர்களுக்கு

செல் துண்டு முகநரம்பை அறுத்தவர்களுக்கும், தீக்காயத் தழும்பு இமையை இழுத்து வைத்திருப்பவர்களுக்கும் கண் முழுதாக மூடாது. தூங்கும்போது அரைக்கண் திறந்தபடி இருக்கும், வெள்ளை தெரியும். வீட்டில் உள்ளவர்கள் இரவில் ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும். இவர்களுக்கு வந்திருப்பது சாதாரண வறட்சி அல்ல. பகலில் அடிக்கடி செயற்கைக் கண்ணீர், படுக்கும்போது கண் களிம்பு, அதன்மேல் இமையை மூடி மென்மையான வைத்திய ஒட்டுநாடாவால் ஒட்டுவது என்று ஒரு முறை உண்டு. நாடா விழியில் உரசினால் தீமையாகிவிடும், ஆகவே கண் பிரிவுத் தாதியிடம் ஒரு தடவை நேரில் செய்து காட்டச் சொல்லிப் பழகுங்கள். இமையைச் சரிசெய்யும் சத்திரசிகிச்சைகளும் இருக்கின்றன. காயப்பட்டுப் பல வருடம் ஆகிவிட்டதே, இனி என்ன கேட்பது என்று நினைக்க வேண்டாம், இப்போதும் கேட்கலாம்.

ஒரு கண்ணை இழந்தவருக்கு மற்றக் கண்ணில் வரும் எந்தச் சிவப்பும் வறட்சி அல்ல, வேறென்று நிரூபிக்கும்வரை அவசரம்தான். துளைபட்ட ஒரு கண், அரிதாக என்றாலும், வருடங்கள் கழித்துக்கூட மற்றக் கண்ணில் அழற்சியை உண்டாக்கலாம். அதேபோல நோவு, பார்வைக் குறைவு, வெளிச்சம் பார்க்க முடியாமை, சீழ், கரும்பகுதியில் வெள்ளைப் புள்ளி, ஒரு கண் மட்டும் சிவத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் துவாயையும் சொட்டையும் வைத்துவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலவசம்.

போகும்போது பழைய கிளினிக் கொப்பியையும், குடிக்கும் எல்லாக் குளிசைகளின் அட்டைகளையும், விடும் சொட்டுப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். எந்த வருடம் எந்தக் கண்ணில் காயம், உள்ளே பீஸ் இன்னும் இருக்கிறதா என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தலையிலோ கண்ணிலோ உலோகத் துண்டு இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தால் அதன் காந்தம் துண்டை அசைத்துவிடும், அதனால் கண் நோய்க்கு மட்டுமல்ல, எந்த வருத்தத்துக்கு அந்த ஸ்கானுக்கு அனுப்பினாலும் படுக்கையில் ஏறுமுன் அதைச் சொல்ல வேண்டும்.